பின்வாசல் அத்தை

எங்கள் வீட்டு முன்வாசலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. தீபாவளிக்குப் பலகாரத் தட்டோடு வந்தாலும் கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு, துணிக்கொடிக்குக் குனிந்து, பின்பக்கமாகத்தான் வருவார். வந்தவர் சட்டென்று உள்ளே நுழைந்துவிடவும் மாட்டார். நிலைப்படியில் நின்றபடி, "அண்ணி, முன்கதவு தொறந்திருக்கா?" என்று என் அம்மாவைக் கேட்பார். தொறந்திருக்கு என்று பதில் வந்த பிறகுதான் இடுப்பிலிருந்து பால் செம்பு இறங்கும். காலையும் மாலையும், வருடக்கணக்காக, அலுக்காமல் இதையே கேட்டார். அம்மாவும் அலுக்காமல் பதில் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். திருடன்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டான் என்று முணுமுணுப்பேன்.

மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பெராங்கில் பால் ஊற்றிப் பிழைத்தவர் அவர். கணவர் இல்லை. ஒரே மகள் சரசு. என் வயது, என் வகுப்பு, என் உயிர்த் தோழி. ஊருக்கெல்லாம் அவர் பால்காரம்மா, எனக்கு அத்தை, தெருப் பிள்ளைகளுக்குப் பின்வாசல் அத்தை. உயரமான பெண்மணி. நடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காது. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் தோளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் மரியாதை தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பயந்த சுபாவம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடும். மாட்டுக் கொட்டகையில் மலைப்பாம்பு சுருண்டு கிடந்தபோது அதன் வாலைப் பிடித்து இழுத்து ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வந்தவர் அவர். இருட்டு, பேய், குடிகாரன் எதற்கும் அசரமாட்டார். அவருக்குப் பயமெல்லாம் சிரித்த முகத்தோடு கூப்பிடுகிறவர்களிடம்தான். "வாங்கம்மா, வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அத்தையின் முகத்தில் ரத்தம் வற்றிவிடும். கூப்பிடுகிறவர் எவ்வளவு அன்பாகக் கூப்பிடுகிறாரோ அத்தை அவ்வளவு தூரம் பின்னால் போவார்.

ஒரு கல்யாணத்தில் நடந்தது இது. பந்தியின் கடைசியில், அடுக்களைக்குப் போகும் வழியை ஒட்டி, சரசையும் என்னையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரம். திடீரென்று மழை அடித்தது, சாரல் உள்ளே வருகிறதே என்று யாரோ மண்டபத்துப் பெரிய கதவைச் சாத்தினார்கள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தை எழுந்துவிட்டார். எச்சில் கையோடு எங்கள் இருவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு, கொதிக்கிற ரச அண்டாவைத் தாண்டி, மழைக்குள் இறங்கிவிட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா பாவம், "அம்மா, பாயசம் வருது, வந்து சாப்பிட்டுப் போங்க!" என்று சிரித்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். அவர் கூப்பிடக் கூப்பிட அத்தையின் ஓட்டம் கூடியது. அந்தப் பாயசத்தை நினைத்து நான் பல நாள் அத்தையைச் சபித்திருக்கிறேன்.

காரணம் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பால் கறக்கும்போது, மாட்டின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, சுவரிடம் பேசுவதுபோல அவரே சொல்லியிருக்கிறார். செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவரும் கணவரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஜப்பான்காரன் காலம். சரசு கைக்குழந்தை. ஒருநாள் தோட்டத்துக்கு ஆள் வந்து, டவுனில் சும்மா படம் காட்டுகிறார்கள், சாப்பாடும் உண்டு, லோரி வரும், எல்லோரும் வாங்க என்று தமிழிலேயே கூப்பிட்டான். நல்ல தமிழாம். சிரித்துச் சிரித்துப் பேசினானாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று அத்தை நின்றுவிட்டார். கணவர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு லோரியில் ஏறினார். படக் கொட்டகையின் கதவை மூடி, ஆண்களை மட்டும் எண்ணி, அப்படியே சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். யாரும் திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் அத்தை கைக்குழந்தையோடு காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தார்.

"தம்பின் ஊருக்குப் போற நம்ம ரயில் தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பிடுங்கிட்டுப் போனான், ஆளையும் பிடுங்கிட்டுப் போனான்," என்பார் அத்தை. "தண்டவாளத்தை எடுக்கக் கடப்பாரை வேணும். ஆளை எடுக்க ஒரு சிரிப்புப் போதும்லா."

இதைச் சொல்லும்போது அழமாட்டார். மடியைப் பிடித்த கை மட்டும் நின்றுவிடும். மாடு திரும்பிப் பார்க்கும்.

நானும் சரசும் மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தோம். பள்ளி விடுதிக்கு அத்தை பால் ஊற்றிய வகையில் சரசுக்குப் பள்ளிச் சம்பளம் கட்டாமல் இடம் கிடைத்திருந்தது. பூகோளம் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தார். சிவந்த மூக்கு, ஓயாத தும்மல், நல்ல மனசு. ஒருநாள் கரும்பலகை முழுவதும் தன் சொந்த ஊரை வரைந்தார். பெரிய நகரத்தின் விளிம்பில் இருக்கிற சின்ன ஊர். சதுரமான எல்லை, நூல் பிடித்த தெருக்கள், நடுவில் ஓர் ஓடை. ஓடைமேல் முதலில் மாவு மில் வந்ததாம். மில்லைச் சுற்றிப் பண்ணைகள். அப்புறம் ரயில் வந்து, நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் குடிவந்தார்கள். போருக்குப் பின் பண்ணைகளைக் கூறுபோட்டு வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். வீட்டுக்கு முன்னால் புல்தரை, வேலியே கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்.

"மில்லுக்கு முன்னாடி அங்க யார் இருந்தாங்க மிஸ்?" என்று சரசு கேட்டாள். அவளுக்கு எப்போதும் அந்த மாதிரிக் கேள்விதான் வரும்.

ஆதிகுடிகள் இருந்தார்கள் என்றார் மிஸ். அவர்களை ஓரிடத்துக்கு வரச் சொல்லி, விருந்து வைத்து, பேசி முடித்து, மேற்கே தூரமாக அனுப்பிவிட்டார்கள். அது ரொம்பப் பழைய கதை என்று சொல்லிக் கரும்பலகையைத் துடைத்தார். பிறகு, நீங்கள் இருவரும் உங்கள் காஜா பெராங்கின் சரித்திரத்தையும் பூகோளத்தையும் இதுபோல எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

அன்று மாலை கொட்டகையில் மிஸ்ஸின் ஊரைப் பற்றி அத்தையிடம் அளந்தோம். புல்தரையையும் ஒரே மாதிரி வீடுகளையும் நான் வர்ணித்ததை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"வேலியே இல்லையா?"

"இல்ல அத்தை. ஒரு வீட்டுலேருந்து அடுத்த வீடு அப்படியே தெரியுமாம்."

"ஐயோ பாவமே. அப்ப ஒளியணும்னா எங்க போவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரசு சிரிக்கவில்லை. ஆதிகுடிகளின் கதையை அவள் மெதுவாகச் சொன்னாள். அத்தை பால் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"கூப்பிட்டாங்களா?"

"ஆமாம்மா."

"சோறு போட்டாங்களா?"

"விருந்துன்னு மிஸ் சொன்னாங்க."

"போடுவான். மொதல்ல சோறு போடுவான்," என்றார் அத்தை. "உங்க மிஸ்கிட்ட சொல்லு, அந்த ஊர்ல ராத்தங்க வேணாம்னு."

சரித்திரம் எழுத வேறு யாரைக் கேட்பது? செட்டி கம்பத்து அம்மா ஒருவர், கம்பம் என்றால் கிராமம், கெபாயா சட்டையும் நெற்றியில் விபூதியுமாகக் கோயிலுக்கு வருபவர், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்த குடும்பம், மலாயில்தான் பேசுவார். இங்கே முன்னொரு காலத்தில் ஒரு யானைக்குக் கோபம் வந்ததால்தான் காஜா பெராங் என்று பெயர் என்று அவர் சொன்னதை எழுதிக்கொண்டோம். அத்தையிடம் அதைச் சொன்னபோது, "யானைக்குக் கோவம் வந்தா காது ஆடும், தெரியும். அதுக்கு ஏன் பயப்படணும்?" என்று கேட்டுவிட்டு, "நாளைக்குப் பால் ஊத்தப் போறப்ப கூட வாங்க, ஊரைக் காட்டுறேன்," என்றார்.

அதுவரை எனக்குத் தெரிந்த காஜா பெராங் ஒரு நீளமான சாலை, இரண்டு பக்கமும் வீடுகள், கோயில், கடை. அத்தை காட்டியது வேறு. சாலையில் கால் வைக்காமலே டவுன் வரைக்கும் போனோம். ஒரு சமையலறையின் பின்னால் நுழைந்து அடுத்த வீட்டு வாழைக்கொல்லையில் ஏறி, லோங்காங்கில் இறங்கி, அதாவது சாக்கடைக் கால்வாயில் இறங்கி, பாலத்துக்கு அடியில் குனிந்து போய், சீனர் கடையின் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் வெளியே வந்தோம். எந்த நாய் குரைக்கும், எந்த நாய் வாலாட்டும், எந்த வேலியில் பலகை கழன்றிருக்கிறது, எந்த வீட்டில் கதவைத் தட்டினால் கேள்வி கேட்காமல் திறப்பார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"இந்த முச்சந்தியிலதான் சீனப் பசங்களைக் கூட்டத்துக்கு வரச் சொன்னான் ஜப்பான்காரன். கடைக்காரரோட தம்பியும் போனான், திரும்பி வரல. அன்னிக்கு இங்க கிடந்த தேங்காய் மட்டைக் குவியலுக்குள்ள நானும் நீயும் ஒரு பகல் முழுக்கக் கிடந்தோம் சரசு, உன் வாயில என் முந்தானையைத் திணிச்சிருந்தேன். அப்புறம் வெள்ளைக்காரன் வந்தான், இங்க முள்கம்பி போட்டான், சோதனை போட்டான். இப்ப நம்மாளு வரப்போறானாம். வரட்டும். ஆனா பின்வழி தெரியாத இடத்துல நின்னு பேசாதே."

நடுநடுவே நின்று எங்களைக் கேட்பார். இந்த இடத்தில் முன்னால் லோரி வந்தால் எந்தப் பக்கம்? பின்னால் வந்தால்? சரசு டக் டக்கென்று பதில் சொன்னாள். அவளுக்கு இது வாய்ப்பாடு. நான் தப்புத் தப்பாகச் சொன்னேன். "உன்னைப் பிடிச்சிடுவாங்கடி," என்று அத்தை நிஜமாகவே கவலைப்பட்டார். வெயில் ஏறிய நேரம்தான், சுற்றிலும் துணி துவைக்கிற சத்தம், சேவல் சத்தம். ஆனாலும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்கு எத்தனை வழி என்று சுற்றிப் பார்த்தேன். இரண்டுதான். போதாது என்று தோன்றியது.

மிஸ்ஸிடம் கொடுத்த படத்தில் பெரும்பாலும் அம்புக்குறிகள்தான் இருந்தன. அவர் தும்மிவிட்டு நெடுநேரம் பார்த்தார். அஞ்சலகம் எங்கே என்று கேட்டார். அஞ்சலகத்துக்கு ஒரே கதவு என்பதால் அத்தையின் ஊரில் அதற்கு இடமில்லை. அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாங்கள் விழித்தோம். மிஸ் முழு மார்க் போட்டார். அடுத்த வாரம் பூகோள வகுப்பில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

மெர்டேக்கா வரப்போகிறது, சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதங்களில் ஒருநாள், தலையில் ஒலிபெருக்கி வைத்த அரசாங்க வேன் எங்கள் சாலையில் ஊர்ந்து வந்தது. மலாயில், சீனத்தில், பிறகு தமிழில். "பொதுமக்களே! இன்று மாலை திடலில் இலவசத் திரைப்படம்! அனைவரும் குடும்பத்தோடு வருக!" நல்ல தமிழ். சிரித்த குரல்.

எங்கள் அடுக்களையில் செம்பு விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பால் தரையெல்லாம் ஓடுகிறது, அத்தையைக் காணோம். அன்று அவர் ஒவ்வொரு வீட்டுப் பின்கதவாகப் போய்த் தட்டினார். "அண்ணி, ஆம்பிளைங்களை அனுப்பாதீங்க. கும்பிடுறேன், அனுப்பாதீங்க." சிலர் சிரித்தார்கள். செட்டி கம்பத்து அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜாங்ஙான் தாகுட், ஜாங்ஙான் தாகுட்," பயப்படாதே, பயப்படாதே என்று குழந்தையைத் தேற்றுவதுபோலத் தேற்றினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். ஜப்பான் காலத்தைப் பார்த்த பெண்கள் வாசலில் உட்கார்ந்து யோசித்தார்கள். என் அம்மா தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை.

நான் அப்பாவோடு போனேன். அப்பா நகராண்மைக் கழகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை, இந்தப் பயமெல்லாம் அவருக்குப் பிடிக்காது. திடலில் வெள்ளைத் திரை கட்டிக் கொசுவை ஒழிப்பது எப்படி என்று படம் காட்டினார்கள். பிறகு தலைவர்கள் கை குலுக்கினார்கள், கொடி பறந்தது. சுற்றி ஒரே கைதட்டல். நான் திரையைப் பார்க்கவில்லை. வேனுக்குப் பின்னால் ஒரு லோரி நின்றது. ஜெனரேட்டர் ஏற்றி வந்த லோரி என்று அப்பா சொன்னார். படம் முடியும்வரை அதன் பின்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் சட்டை முனையை விடவே இல்லை. அவர் அன்றைக்கு வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

திரும்பி வரும்போது சந்து முனையில் அத்தை நின்றிருந்தார். போகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். "பாத்தியாம்மா? எல்லாரும் முழுசா வந்துட்டோம்," என்றார் அப்பா கேலியாக.

"வந்துட்டீங்க அண்ணே," என்றார் அத்தை. "இன்னிக்கு விட்டுட்டாங்க."

மெர்டேக்கா வந்தது. அடுத்த வருடம் பிரஜா உரிமைப் பதிவு என்று ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. இந்தியாவில் பிறந்தவர்கள் நேரில் போய்ப் பெயர் கொடுத்து, கைரேகை வைத்து, விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும். அதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு. சரசு மலாக்காவில் பிறந்தவள், அவளுக்குச் சிக்கல் இல்லை. அத்தை தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அப்பா எங்கள் பின்வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவருக்கு எடுத்துச் சொன்னார்.

"இதோ பாரும்மா, இப்ப பேர் குடுக்கலன்னா நாளைக்கு நீ இந்த நாட்டுக்காரி இல்ல. கப்பல் ஏத்தி அனுப்பினாலும் ஏன்னு கேக்க நாதி கிடையாது. மக இங்க, நீ அங்க. வேணுமா அது?"

"எங்க போய்க் குடுக்கணும் அண்ணே?"

"பள்ளிக்கூடத்துல. தூரத்துலேருந்து வர்றவங்களுக்கு லோரிகூட விட்டிருக்காங்க."

அப்பா அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது.

கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலத்தில் அடையாளக் கார்டுக்குப் படம் எடுத்தபோது பிரச்சினை இல்லை. அதிகாரிகள் சந்துக்கே வந்து மரத்தடியில் மேசை போட்டார்கள், அத்தை ஒரு கையில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் அப்படியில்லை. சுற்றிச் சுவர், ஒரே கேட். அப்பா ஒருநாள் லீவு போட்டு அவரை அழைத்துப் போனார். கேட்டுக்குள் நீண்ட வரிசை. வெளியே லோரி வந்து நின்று, பின்பலகை 'டமால்' என்று இறங்கியது. ஓர் அதிகாரி சிரித்த முகத்தோடு, "வாங்கம்மா, உள்ள வாங்க," என்று கையைக் காட்டினார். அப்பா திரும்பிப் பார்த்தால் அத்தை இல்லை. அதுகூடப் பரவாயில்லை. போகிற போக்கில், "லோரி வந்திருச்சு, ஏறாதீங்க!" என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். வரிசையில் நின்ற நம்மவர்களில் பாதிப் பேர், நரைத்த தலைகள் எல்லாம், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டை விட்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். கைரேகை மை காயாத ஒரு கிழவர் அப்பாவின் தோளில் கை ஊன்றித் தாண்டிப் போனாராம். சட்டையில் அந்தக் கைக்கறையோடு அப்பா வீட்டுக்கு வந்தார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இளவயசுக்காரர், வேறு ஊர்.

"செத்தாலும் அந்த கேட்டுக்குள்ள போகமாட்டேன்," என்றார் அத்தை. அப்பா கை கழுவிவிட்டார். நாள் நெருங்கியது. சரசுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளியில் கோடு போட்ட தாளில் கப்பலாகவே வரைந்துகொண்டிருந்தாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் கொட்டகையில் தாயிடம் போய் நின்றாள்.

"சரிம்மா. நீ போக வேணாம். உன்னைக் கப்பல் ஏத்தினா நானும் ஏறிக்கிறேன்."

"கிறுக்கு. உனக்கு இங்க படிப்பு இருக்கு."

"ஏறுவேன். நீ இருக்கற கப்பல்லதான் நானும்."

அத்தை அவளை வெறித்துப் பார்த்தார். "கப்பலுக்குப் பின்வாசல் கிடையாதேடி," என்றார். "நாலு பக்கமும் தண்ணி."

மறுநாள் காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். காதில் கிடந்த தோட்டைக் கழற்றிச் சரசின் காதில் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு லாலாங் புல் வளர்ந்திருக்கும். அதற்குள் கொண்டுபோய் எங்களை உட்கார வைத்தார். குரலில் நடுக்கம் இல்லை. அவர் திரும்பி வருவோம் என்று நினைத்துப் பேசவில்லை.

"நான் உள்ள போறேன். பொழுது சாயறவரைக்கும் நான் வரலன்னா என்னைத் தேடக் கூடாது. வீட்டுக்கும் போகக் கூடாது. ஓடையோட போயி, செட்டி கம்பத்து அம்மா வீட்டுப் பின்கதவைத் தட்டு. மாட்டை அவங்க பாத்துக்குவாங்க."

சரசு தலையாட்டினாள்.

"இன்னொண்ணு. நான் வந்து கூப்பிட்டாலும் வெளிய வராதே."

"ஏம்மா?"

"என்னைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உன்னைக் கூப்பிடச் சொல்வாங்க. அப்படித்தான் செய்வாங்க. நான் பாத்திருக்கேன்."

சரசின் தலையை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனார். லாலாங் இடுக்கு வழியாகப் பார்த்தோம். முதல்முறையாக அவர் சாலையின் நடுவில் நடந்தார். கேட்டுக்கு முன்னால் நின்றார். காவல்காரர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அத்தையின் கைகள் சேலையை இறுகப் பிடித்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது. உள்ளே போனார். கேட் சாத்தப்பட்டது.

நான் பயந்தேன். இத்தனை நாள் அத்தையைக் கேலி செய்தவள், பாயசத்துக்குச் சபித்தவள், புல் கிழித்துக் கால் எரிய உட்கார்ந்துகொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். இது பதிவு, அப்பா சொல்லியிருக்கிறார், வெறும் பதிவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தையின் கணவருக்கும் யாரோ வெறும் படம் என்றுதானே சொல்லியிருப்பார்கள் என்று உடனே இன்னொரு நினைப்பு வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஒரு லோரி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. கியர் மாற்றி, சாலையில் ஏறி, டவுன் பக்கம் போய்விட்டது. அதில் யார் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. சரசு என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை ஈரமாக இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கேட் திறந்தது. அத்தை வந்தார்.

ஓட்டமும் நடையுமாக வந்தார். ஒரு கையில் காகிதம். இன்னொரு கையின் கட்டைவிரலில் மை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"சரசு! வாடி வெளிய! ஒண்ணுமே பண்ணலடி! உக்கார நாற்காலி குடுத்தாங்கடி! தண்ணிகூடக் குடுத்தாங்க! வா, வந்து பாரு!"

எனக்கு உயிர் வந்தது. "அத்தே!" என்று எழப்போனேன். சரசு என் தலைமுடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவளுடைய உள்ளங்கை என் வாயை அழுத்தியது. நகம் கன்னத்தில் இறங்கியது.

"அம்மா இப்படிச் சிரிக்கமாட்டாங்க," என்று என் காதுக்குள் சொன்னாள். "சிரிக்கச் சொல்லியிருக்காங்க."

"பைத்தியமாடி நீ?" என்று கேட்க நினைத்தேன். வாய் அவள் கைக்குள் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்தேன். என் தோழியின் கண் இல்லை அது. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏய் சரசு! அம்மாடி! நான்தான்டி! யாரும் இல்லடி என்கூட!" அத்தையின் குரல் கெஞ்சியது. காகிதத்தை உயர்த்திக் காட்டினார். "பிள்ளைங்களா, வாங்க, வீட்டுக்குப் போலாம்." புல் அசையவில்லை. சரசு மூச்சுகூட விடவில்லை. அவளுடைய நெஞ்சு அடிப்பது என் தோளில் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தையின் அழைப்பு நிற்க வேண்டும், நின்றால் போதும் என்று இருந்தது எனக்கு.

நின்றது. கண்ணைத் திறந்தேன். அத்தை கையைக் கீழே போட்டுவிட்டு லாலாங் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. நாங்கள் இருக்கிற இடம் அவருக்குத் தெரியும், அவர்தானே உட்கார வைத்தார். நாலு எட்டு வைத்தால் எங்களைத் தொட்டிருக்கலாம். வைக்கவில்லை. "சரி," என்று மட்டும் சொன்னார். திரும்பி நடந்து போய்விட்டார்.

பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு அழைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் சரசு என் வாயிலிருந்து கையை எடுத்தாள். ஓடையோடு நடந்து, செட்டி கம்பத்து அம்மா வீட்டு வேலிக்குள் நின்று, வெகுநேரம் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனோம். அத்தை பால் கறந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நான் கூப்பிட்டது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

"அப்புறம் ஏன்டி வரல?"

"நீதானேம்மா வராதேன்னே."

கறக்கிற கை நின்றது. அத்தை எழுந்து வந்து மை பூசிய கையால் மகளின் கன்னத்தைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காகிதம் எங்கே என்று நான் பார்த்தேன். தீவனத் தொட்டியின் விளிம்பில், மாட்டின் வாய்க்குப் பக்கத்தில் கிடந்தது.

"இனிமே எனக்குப் பயமில்லடி," என்றார் அத்தை. "நீ பொழச்சுக்குவே."

சரசு சிரித்தாள். பரீட்சையில் தேறியவளைப்போலத்தான் சிரித்தாள்.

நான் வீட்டுக்கு நடந்தேன். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. என்னைக் காணாமல் தவித்துப்போய் அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்வாசலில் நின்றிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும், "வந்துட்டியாம்மா? வா கண்ணு, உள்ள வா," என்று கூப்பிட்டாள். என் அம்மாவின் குரல்தான். நான் செம்பருத்தி வேலிக்கு வெளியே, இருட்டில், அசையாமல் நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.